தேங்காய் காட்டிய மெஸ்

பாளையங்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைச் சீந்த ஆளில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திறங்கிய கூட்டம் முழுக்கத் தேங்காய்ச் சாமியைச் சுற்றி மொய்த்தது. முன்பெல்லாம் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவர் அவர். இப்போது வெளியூர் விருந்தாளிகள் எங்கே சாப்பிடலாம், எதைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அதே தேங்காய் சொல்கிறது. முன்னேற்றம் என்றால் இதல்லவா முன்னேற்றம்!

தேங்காய் சுழன்றது. குடுமி கிழக்கே நின்றது.

“சீவலப்பேரிப் பக்கம் ஒரு மெஸ் தெரியுது. மத்தியானச் சாப்பாடு அங்கனதான். மேற்கே கை நனைச்சா தாலிக்கு ஆகாது!”

“நமக்கெதுக்குங்க வம்பு? கிழக்கேயே போயிரலாம்” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. வாசலில் ஒரு வேன் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. என்ன பொருத்தம் பாருங்கள்!

கல்யாணப் பெண் நித்யாவுக்குச் சுருக்கென்றது. மேற்கேதான் மேலப்பாளையம், தோழி அஃப்ராவின் வீடு. பள்ளிக்கூட நாளெல்லாம் நித்யாவுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொடுத்த அஃப்ராவின் உம்மா ஜுபைதா பீவி, விடிந்ததிலிருந்து இந்தக் கூட்டத்துக்காகப் பிரியாணி அடுப்போடு நிற்கிறார். அங்கே சாப்பிட்டுவிட்டு, கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் குளியல் என்பது நித்யா போட்ட திட்டம். தேங்காய் வேண்டாம் என்றது என்று அந்த உம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வாள்?

“விடுட்டி, சம்பந்தியம்மா மனசு கோணிரக் கூடாது” என்று கையைப் பிசைந்தார் அப்பா பெருமாள்ராஜ்.

“உம்மா மனசு கோணலாமாக்கும்?” நித்யா நேரே சாமி முன்னால் போய் நின்றாள். “சாமி, திசை காட்டுதது நீங்களா, தேங்காயா?”

“தேங்காய்தான் தாயி. நான் தாங்குத கை மட்டும்.”

“கைக்குக் கண்ணு எதுக்கு?”

அப்பா தோளில் கிடந்த துண்டை உருவிச் சாமியின் கண்ணைக் கட்டினாள். தோளைப் பிடித்துச் சுற்றிவிட்டாள். “இப்பம் காட்டச் சொல்லுங்க.”

தேங்காய் நடுங்கியது. சுழன்றது. குடுமி மண்டபத்துக் கழிவறையைக் காட்டியது.

“சாமி, அங்கன என்ன ஸ்பெஷல் வே?” என்று யாரோ கேட்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது. சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னொருக்கா சுத்துங்க கண்ணு” என்றார்.

இந்தத் தடவை எச்சில் இலைத் தொட்டி. வேன்காரருக்குப் பொறுக்கவில்லை. “அத்தான்! இந்தப் பக்கம், இந்தப் பக்கம்! நம்ம மெஸ்சு இங்கனல்லா இருக்கு!” என்று கத்தியே விட்டார்.

சாமி துண்டோடு ஓட்டம் எடுத்தார். தேங்காய் தரையில் உருண்டது. சம்பந்தியம்மா அதை எடுத்துச் சமையற்காரரிடம் கொடுத்தார். “சட்னிக்கு ஆகும். வா கண்ணு, அந்தம்மா சோத்தை ஆற வெச்சுட்டுக் காத்திருப்பாங்க.”

வேன் கிடக்கட்டும் என்று எல்லோரும் மேலப்பாளையத்துக்கு டவுன் பஸ் ஏறினார்கள்.

ஊர் தெரியாவிட்டால் ஊர்க்காரரைக் கேளுங்கள், பசித்தால் வயிற்றைக் கேளுங்கள். தேங்காய்க்குள் தண்ணீர் இருப்பது சரி. அதைக் கும்பிட்ட தலைகளுக்குள் என்னய்யா இருந்தது?