வாய்க்காலைத் தேய்த்துக் கழுவிய விஷயம்

தங்கை மகள் லினெட்டுக்கு, மொன்டானாவிலிருந்து ஆர்லோ மாமாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் வெர்னா அத்தையும் சுகம். வெந்நீர்க் குளமும் வாடகைக் கேபின்களும் சுகம். இதைப் படித்து முடித்ததும் நீ சுகமாக இருக்கமாட்டாய் என்பதால் உன் சுகத்தை விசாரிக்கவில்லை. போனில் சொல்லத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை வாய்க்காலில் மாதிரி எடுக்க உன் பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்.

சுகாதார ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. போன தடவையே, ஊற்றிலிருந்து குளத்துக்கு ஓடும் வாய்க்காலில் நூல்நூலாகத் தொங்கிய இளஞ்சிவப்புச் சளியைப் பார்த்து முகம் சுளித்த மனுஷன், குளத்தை மூடச் சொல்லிவிட்டால் வேட்டை சீசனில் என் கேபினுக்கு எவன் வருவான், ஆகவே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ப்ளீச்சை ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் கல்லின் நிறம் தெரியும்வரை தேய்த்தேன், தேய்த்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்த பிறகுதான் அன்றைக்கு நன்றித் திருநாள் வான்கோழி விருந்தில் நீ சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தது ஞாபகம் வந்தது.

"மாமா, முட்டைய வெந்நீர்ல போட்டா கெட்டியாயிடுதுல்ல? நம்ம உடம்புல இருக்கிற நொதியும் அப்படித்தான், கொதிநீர் பட்டா அவ்வளவுதான். உங்க வாய்க்கால்ல இருக்கிற நுண்ணுயிரோட நொதி அந்தச் சூட்டுலயும் வேல செய்யுது!"

"கொதிச்சுக்கிட்டே வேல செய்ய இந்த வீட்ல உங்கத்தை ஒருத்தி போதாதா?" என்று சொல்லப்போய், எனக்கு அன்று அவள் சுட்ட பூசணிக்காய் இனிப்பு கிடைக்கவில்லை.

உன் ஆய்வகத்தில் வளர்த்த அந்த நுண்ணுயிர் செத்துப்போய்விட்டது, மறுபடி கிடைக்காவிட்டால் டாக்டர் பட்டமே போய்விடும் என்றும் சொன்னாய். அதற்கு நான் என்னம்மா செய்ய? அது பெயர்ப்பலகையா மாட்டிக்கொண்டிருந்தது? கொதிக்கிற தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறதுக்கு ஒரு வாளி ப்ளீச்சைத் தாங்கத் தெரிய வேண்டாமா? ஆனாலும் மனசு கேட்கவில்லை. உன் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

இதில் உன் அத்தை வேறு. "புள்ளையோட படிப்பத் தேய்ச்சுக் கொன்னுட்டீங்க. துண்டுலெல்லாம் சிவப்பாப் படியுது, பாய்லர மாத்துங்கன்னு வருஷக்கணக்கா கத்தறேனே, அதத் தொட்டீங்களா?" என்கிறாள். ஊற்றுத் தண்ணீரைத்தானே குழாய் போட்டு இழுத்து, வழியில் ஆறிவிடுவதால் பாய்லரில் மறுபடி சூடாக்குகிறோம்? அதில் என்ன குறை? அவள் வாங்கும் மலிவுத் துண்டு சாயம் போகிறது. வாயை அடைக்க இன்று பிளம்பரை வரச்சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு என் அன்பு, இந்தச் சங்கதி மட்டும் வேண்டாம். கர்த்தர் உனக்கு வேறொரு ஊற்றைக் காட்டட்டும்.

கையெல்லாம் ப்ளீச் நாறும்,
ஆர்லோ மாமா

பி.கு.: வியாழக்கிழமை கட்டாயம் வா! பேராசிரியரையும் கூட்டிக்கொண்டு வா! பிளம்பர் பாய்லரைத் திறந்தான். உள்ளே அதே இளஞ்சிவப்பு நூல், கொழுகொழுவென்று. துண்டுச் சாயம் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படி. உன் அத்தை ப்ளீச் கேனை மடியில் வைத்துக்கொண்டு பாய்லர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "புது பாய்லருக்கு இப்பவே ஆர்டர் குடுங்க. இல்லன்னா மொத்தத்தையும் ஊத்திருவேன்" என்றாள். கொடுத்துவிட்டேன். கொதிக்கும்போதுகூட இவளுக்கு மூளை எப்படி வேலை செய்கிறது பார்!