சொரிமுத்து அண்ணாச்சியின் வெங்காயம் குறித்து ஒரு புகார்

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தான் முத்துக்குமரன் அவர்களுக்கு,

மைத்துனன் பாண்டியராஜன் பணிவுடன் எழுதுவது. சாத்தான்குளத்தில் தாங்களும் அக்காளும் நலம்தானே. இங்கே நான், தங்கத்தாய், கடை எல்லாரும் நலம். மகள் இசக்கிசெல்வியின் மார்க் மட்டும் நலமில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் தாங்கள் போனை அக்காளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். மேலும், தாங்கள் அவள் படிக்கும் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். புகாரை எழுத்தில் தருவதுதான் மரியாதை.

விஷயம் இதுதான். பி.காம். இரண்டாம் ஆண்டுக்கு வணிகச் சட்டம் எடுக்க ஜெமி என்று ஒரு மேடம் வந்திருக்கிறார். நிரந்தர வேலை இல்லை, கெஸ்ட் லெக்சரர். இந்த மேடம் புத்தகத்தைத் திறப்பதே கிடையாது. கதை சொல்கிறார். கடல் வணிகச் சட்டம் நடத்தச் சொன்னால் நம் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு ஒரு தோணியைக் கிளப்பிவிட்டார், வகுப்பறைக்குள்ளேதான். அதில் மூன்று பேர் சரக்கு. ஒருவர் சிமெண்ட், ஒருவர் கருப்பட்டி, சொரிமுத்து அண்ணாச்சி என்று ஒருவர் வெங்காயம். இது தினமும் என் மகள் வாய்வழியாக வீட்டுக்கு வந்துவிடும். நான் சாப்பிட்டேனா என்று கேட்காத என் வீட்டுக்காரி தங்கத்தாய், "ஏளா, தோணி எங்கன போவுது இப்பம்?" என்று கேட்கிறாள். கடைக்குத் தேங்காய் எண்ணெய் வாங்க வரும் பெண்கள் பாட்டிலை நீட்டிவிட்டு, பிள்ளை கல்லூரியிலிருந்து வரட்டும் என்று நிற்கிறார்கள். வியாபாரம் கொஞ்சம் கூடியது என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம்தான் வினை. நடுக்கடலில் புயல். தோணி ஒரு பக்கமாகச் சாய்கிறது. தண்டல், அதாவது தோணியை ஓட்டிப்போகிற தலைவன், "வெங்காயத்தத் தள்ளுங்கலே" என்று கத்துகிறான். சொரிமுத்து அண்ணாச்சியின் மூட்டை அத்தனையும் கடலுக்குள் போகிறது. பாரம் குறைந்து தோணி நிமிர்கிறது. சிமெண்டும் கருப்பட்டியும் பத்திரமாகக் கரை சேர்கின்றன. "அப்பம் வெங்காயத்தோட நட்டம் யாருக்கு?" என்று மேடம் கேட்கிறார். பெல் அடித்துவிட்டது. மறுநாள் மழை லீவு. லீவு நீண்டுகொண்டே போய் முடிந்ததும் நேரே பரீட்சை. பரீட்சையில் வந்து விழுந்த கேள்வி: ஜெனரல் ஆவரேஜ் என்றால் என்ன? விளக்குக.

வகுப்பு மொத்தமும் தோணிக் கதையை எழுதியிருக்கிறது, அத்தான். முடிவு தெரியாததால் ஆளுக்கொரு முடிவு. செந்தில்முருகன் என்ற பையன் வெங்காயத்தை மணப்பாட்டுக் கரையில் ஒதுங்க வைத்து விற்றும் கொடுத்துவிட்டான். நம் பிள்ளை எழுதியதை நகல் வாங்கிப் பார்த்தேன். சொரிமுத்து அண்ணாச்சி தோணியில் உட்கார்ந்து அழுகிறார், அவர் மகள் கல்யாணம் நின்றுபோகிறது, மாப்பிள்ளை வீட்டார் வெங்காய விலை கேட்டு வருகிறார்கள். நானே அதை இரண்டு முறை படித்தேன், அது வேறு விஷயம். திருத்தியவர் வெளியூர்க்காரர். அடியில் சிவப்பு மையில், "கதை நன்று. விடை எங்கே?" என்று எழுதி முட்டை போட்டிருக்கிறார்.

கேட்டுவிட்டு வருவோம் என்று நேரே கல்லூரிக்குப் போனேன். நம் பிள்ளையின் வகுப்புதான் நடந்துகொண்டிருந்தது. முடியும் வரை பொறுக்கலாம் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், அது நான் செய்த தப்பு. ஜெமி மேடம் அதே தோணியைத்தான் திரும்ப நடத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, நீங்க வியாபாரி. நீங்க சொல்லுங்க, நட்டம் யாருக்கு?" என்றார். நானும் எழுந்து, "யாரு சரக்கு போச்சோ அவனுக்குத்தான். அவன் தலையெழுத்து. மொதல்ல வெங்காயத்த ஏன் எறியணும்? சிமெண்டுல்லா கனம்?" என்றேன். பிள்ளைகள் சிரித்தன. மேடம் சிரிக்கவில்லை. "சரி, அந்தச் சிமெண்டு ஒங்களோடதுன்னு வச்சுக்கிடுவோம். ஒரு மூட்ட நனையாம கரைக்கு வந்துட்டு. எதுனால வந்துச்சு?" என்றார். நான் யோசித்தேன். "வெங்காயம் போனதால," என்றேன். "அப்பம்?" என்றார். பெல் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு போயேவிட்டார், அத்தான். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். சண்டை போடத்தான் வந்தேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து எனக்குக் கடையில் மனசு ஒட்டவில்லை. துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்தம்பருப்பைக் கட்டிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, "ஒங்க சரக்க எறிஞ்சுதான் என் சரக்கு தப்பிச்சதுன்னா, நான் ஒங்களுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டேன். மனிதர் பருப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். இதெல்லாம் எனக்குத் தேவையா?

ஆகவே அத்தான், கல்லூரியை ஆய்வு செய்யக் குழு வரப்போகிறதாம், ரிசல்ட் இப்படி இருந்தால் பெயர் முங்கிவிடும், ஒருவர் மேலாவது நடவடிக்கை எடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று தாங்களே சொன்னீர்கள். நிரந்தர வேலைக்காரர்களைத் தொட முடியாது. ஜெமி மேடத்தை நீக்கச் சொல்லிப் பெற்றோர் எழுதிய மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து என்னுடையது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வைத்து முடித்துவிடவும்.

அக்காளுக்கு என் அன்பு. முட்டிவலிக்குப் புது எண்ணெய் வந்திருக்கிறது, கொடுத்து விடுகிறேன். திருச்செந்தூர் முருகன் தங்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பிரியமுள்ள மைத்துனன்
பாண்டியராஜன்

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சொல்லி இசக்கிசெல்வியிடம் கொடுத்தேன். ஒட்டுவதை விட்டுவிட்டுப் படித்திருக்கிறாள். கடையில் ஆள் நிற்கும்போதே வந்து கேட்டாள்.

"எப்பா, காலேஜ் முங்கிரக் கூடாதுன்னு மேடத்தத் தூக்கி எறியுதீய. சரி. கரை சேருத நீங்கள்லாம் அவங்க நட்டத்துல பங்கு தருவீயளா?"

நான் தராசைக் கீழே வைத்தேன். எறிந்த சரக்கால் யார் யார் தப்பித்தார்களோ, அவர்கள் எல்லாரும் அவரவர் பங்குக்கு அந்த நட்டத்தைத் தாங்க வேண்டும், அதற்குப் பேர்தான் ஜெனரல் ஆவரேஜ் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். "இத பரீட்சையில எழுதியிருக்கலாம்லா?" என்றேன்.

"அப்பம் எனக்கே தெரியாதுப்பா. நீங்க அன்னைக்குக் கிளாஸ்ல வாயத் தொறந்துக்கிட்டு நின்னீயள்லா, அப்பம்தான் வெளங்கிச்சு. இனி சாவுற வர மறக்காது."

அத்தான், மனுவைக் கிழித்துவிடவும். வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். யாராவது மேடத்தை எறியச் சொன்னால் சிமெண்டுக்காரன் பேச வேண்டும் என்று சொல்லவும்.

அப்படியானால் மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிட்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் அனுப்பலாமே என்று எடுத்தேன். பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசா அனுப்புங்கப்பா. விடைய மட்டும் எழுதுனா மாமாவுக்கு எப்படி வெளங்கும்?"

அதனால் முழுசும் வருகிறது. சிவப்புப் பேனாவை எடுக்காமல் படிக்கவும்.