டிக்கியைத் திறக்க மாட்டேன்

இனி எந்தப் போலீஸுக்கும் பயப்படுவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மொபைலில் சட்ட வீடியோவாகப் பார்த்துத் தள்ளியதில், தாராவியிலேயே என் அளவுக்குச் சட்டம் தெரிந்தவன் எவனும் இல்லை என்று ஒரு தெம்பு.

அன்று சாயங்காலம் சுனாபட்டியில் ஒரு நிச்சயதார்த்தம். முடிந்து ஸ்கூட்டரில் திரும்புகிறோம். பின்னால் என் மனைவி பேராச்சி. சயான் பக்கம் நாகாபந்தி. சாலையை மறித்து, வண்டி வண்டியாகச் சோதனை. சட்டையில் ரஞ்சனா என்று பெயர் குத்திய பெண் போலீஸ் கை காட்டினார்.

"டிக்கி கோலோ!" டிக்கியைத் திறக்க வேண்டுமாம்.

சீட்டுக்கு அடியில், டிக்கிக்குள் ஒரு டப்பா மாகிம் அல்வா. எனக்கோ ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. போலீஸ் பார்த்தால் பரவாயில்லை. பேராச்சி பார்க்கக் கூடாது.

"முடியாது மேடம்," என்றேன் என் பம்பாய் இந்தியில். "நியாயமான சந்தேகம் இருந்தாத்தான் சோதனை போடலாம். என்மேல என்ன சந்தேகம்? காரணம் சொல்லுங்க!"

ரஞ்சனா திகைத்தார். எனக்குப் புல்லரித்தது.

"காரணம் நான் சொல்லுதேன்," என்று இறங்கினாள் பேராச்சி. "காலையில இருந்து சாவியக் கீழ வைக்கல மேடம். நான் சீட்டத் தொட்டாலே பதறுதாரு. எனக்கே சந்தேகமா இருக்கு. தெறந்து பாருங்க!"

"ஏட்டி, நீ எந்தக் கட்சி?"

"சட்டத்துக் கட்சி."

ரஞ்சனா சாவியை வாங்கி டிக்கியைத் திறந்தார். அல்வா பளபளத்தது.

"இதுல குத்தம் ஒண்ணும் இல்லையே," என்றார் ரஞ்சனா.

"உங்க சட்டத்துல இல்ல. எங்க வீட்டுச் சட்டத்துல இருக்கு." பேராச்சி டப்பாவைப் பறிமுதல் செய்து, ஒரு துண்டை அங்கேயே வாயில் போட்டாள். "எனக்கே அல்வா குடுக்கப் பாத்தீகளா?"

"எங்கட்டி குடுத்தேன்? ஒளிச்சுல்லா வச்சேன்!"

ரஞ்சனாவுக்கு இப்போது என்மேல் நியாயமான சந்தேகம் வந்துவிட்டது. லைசென்ஸ் கேட்டார். நீட்டினேன். திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பவோ காலாவதி ஆயிடுச்சு. வண்டிய நீங்க எடுக்கக் கூடாது."

அந்த வீடியோவை நான் பார்க்கவில்லை.

பேராச்சி கைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். புத்தம் புது லைசென்ஸ். அவள் பெயர். அவள் போட்டோ.

"எப்பட்டி எடுத்தே? சொல்லவே இல்ல?"

"நீங்க மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டா செய்தீக?"

ரஞ்சனா சாவியை அவள் கையில் கொடுத்தார். முந்தானையை இழுத்துச் செருகி, வண்டியைக் கிளப்பினாள்.

"ஏறுங்க. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

பிடிபட்டவன், பிடித்துக்கொண்டேன்.