முரசு நின்ற பிறகு

நெடுவரப்பு நாட்டில் எந்த நிலம் யாருக்கு என்று சொல்ல ஒரே ஒரு பதிவேடுதான் இருந்தது. தேர் அகலத்துக்கு விரியும் அந்த ஏட்டைச் சுற்றி நாற்பது எழுத்தர்கள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எழுதுவார்கள். அரண்மனை மாடத்தில் நாழிகைக்கு ஒரு தரம் முரசு முழங்கும். அரசர் உயிரோடிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். முரசு நின்றால், பாதி எழுத்தில் இருந்தாலும் எழுதுகோலை வைத்துவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். புதிய அரசர் தம் எழுத்தர்களோடு வந்து, அரைகுறை வரிகளை அடித்துவிட்டு, அந்த மனுக்களை முதலிலிருந்து எழுதச் செய்வார். பழைய சட்டம்தான். ஆனால் யாரோ யோசித்துப் போட்ட சட்டம்.

ஒரு நண்பகலில் முரசு நின்றது. எழுத்தர் அழகுவேல் எழுதுகோலை வைத்தார். எதிரே செங்கமலம் நின்றிருந்தாள். அவளுடைய ஒரே வயலைப் படைத்தலைவரின் மைத்துனன் வளைத்துப் போட்டிருந்தான். நான்கு ஆண்டு நடையாய் நடந்து, அன்றுதான் அவள் முறை வந்திருந்தது.

“இன்னும் ரெண்டே எழுத்துதானுங்களே ஐயா. முடிச்சுட்டுப் போகக் கூடாதா?”

அழகுவேலுக்கு மனம் கேட்கவில்லை. அவர் தயங்கி நிற்கையில் தலைமை அமைச்சர் மூச்சிரைக்க வந்து அறிவித்தார்: “அரசர் மறையலாம், அரசுப் பணி மறையலாகாது! கையிலுள்ள மனுவை முடித்த பின்பே எழுத்தர்கள் எழ வேண்டும்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. செங்கமலம் கையெடுத்துக் கும்பிட்டாள். அழகுவேல் இரண்டு எழுத்தையும் எழுதினார்.

மனு முடியாதவரை இருக்கை தம்முடையது என்பது எழுத்தர்களுக்கு உடனே விளங்கிவிட்டது. ஒருவரும் முடிக்கவில்லை. அழகுவேலும் வரியை எழுதினாரே தவிர, மனுவை முடித்துவைக்கும் முத்திரையை வைக்கவில்லை. இந்த வயதில் வேறு எங்கே போவது?

மறுநாள் புதிய அரசர் முடிசூடினார். புதிய முரசு, புதிய எழுத்தர்கள் நாற்பது பேர், அதே பதிவேடு. எதிரே உட்கார்ந்த புதிய எழுத்தர், முத்திரையில்லாத வரியென்று செங்கமலத்தின் பெயரை அடித்துவிட்டு, மைத்துனன் கொடுத்த மனுப்படி அவன் பெயரை எழுதினார். அழகுவேல் அதை அடித்து இவள் பெயரை எழுதினார். தினமும் இதே வேலை.

“இரு தரப்பும் எழுதியவை இரண்டுமே மெய்,” என்றார் அமைச்சர். செங்கமலம் நட்டாள், மைத்துனன் அறுத்தான். ஏட்டில் பிழை என்று முறையிட்டவர்களின் பெயர்கள் ஏட்டிலிருந்தே நீக்கப்பட்டன.

ஒருநாள் அழகுவேல் காதைத் தீட்டிக் கேட்டார். சத்தமே இல்லை.

“தம்பி, உங்க முரசு எப்ப நின்னுச்சு?”

“அது போன மாசமே நின்னுபோச்சுண்ணே,” என்றார் புதிய எழுத்தர். “கையில மனு இருக்கே, என்ன பண்ண?”

செங்கமலம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “அன்னிக்கு எழுதாம எந்திரிச்சுப் போயிருந்தீங்கன்னா என்னங்கய்யா ஆயிருக்கும்?”

“புது ராஜா முதல்லேருந்து எழுதச் சொல்லியிருப்பாரு. மூணே நாள்ல வயல் உன் பேருக்கு வந்திருக்கும்மா.”

“இப்பவாவது எந்திரிங்களேன்.”

அவர் எழுதுகோலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கதவு திறந்தது. கக்கத்தில் பாயோடு, அடுத்த அரசரின் எழுத்தர்கள் இன்னும் நாற்பது பேர் உள்ளே வந்தார்கள்.

“கொஞ்சம் நகந்து உக்காருங்கண்ணே,” என்றார் ஒருவர்.

அழகுவேல் நகர்ந்து உட்கார்ந்தார்.