சிசு அதிகார சப்தாகம்

“சென்னைக்குப் போகலாமான்னு என்னை யாருமே கேக்கலையே, அப்பா?”

“பத்து வயசுப் பொண்ணைக் கேட்டுண்டா மாத்தல் வாங்குவா? இந்த ஆத்துல உனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. போய் டைரியைக் கொண்டா, கையெழுத்துப் போடணும்.”

‘ஒரு அதிகாரமும் கிடையாது’ என்பதை வெங்கடநாராயணன் மாத்திரை மாதிரி நாளைக்கு மூன்று வேளை சொல்வார். வங்கியில் அவர் சொன்னால் ப்யூன்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. மனுஷனுக்கு எங்காவது ஓரிடத்திலாவது பேச்சு செல்லுபடியாக வேண்டாமா?

சென்னைக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பம் பூர்த்தியாகி அவர் கைப்பையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பூர்ணிமா டைரியை நீட்டினாள். வங்காளி மிஸ் கைப்பட ஏதோ எழுதியிருந்தார். பதினோரு வருஷம் வங்காளத்தில், லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தும் வங்காள எழுத்து வெங்கடநாராயணனுக்குக் கொடியில் காயும் துணி வரிசைதான்.

“நீயே படி.”

“பாரிதே சிசு ஒதிகார் சப்தாஹோ பாலோன் கொருன். அப்பறம், சனிக்கிழமை வந்து மிஸ்ஸைப் பார்க்கணுமாம்.”

“நிறுத்து. அர்த்தம் நான் சொல்றேன்.”

வாயில் ரசகுல்லாவை அடக்கிக்கொண்டு சம்ஸ்கிருதம் பேசினால் அதுதான் வங்காளி என்பது அவருடைய சித்தாந்தம். ரசகுல்லாவை எடுத்துவிட்டால் எல்லாம் புரிந்துவிடும்.

“பாரிதேன்னா ஆத்துல. சிசுன்னா குழந்தை. ஒதிகார்னா அதிகாரம். சப்தாகம்னா ஏழு நாள். பாலோன்னா பரிபாலனம்.” அவர் குரல் மெல்ல இறங்கியது. “அப்படின்னா... ஏழு நாளைக்கு ஆத்துல குழந்தைதான் அதிகாரம் பண்ணணும்?”

“ஒதிகாரும் அதிகாரமும் ஒண்ணுதானேப்பா. நானும் அப்படித்தான் நெனச்சிண்டிருக்கேன்.”

சமையலறையிலிருந்து அவர் மனைவி கல்பனா எட்டிப் பார்த்தாள். “எதுக்கும் கீழாத்து பௌதி, அந்த பெங்காலி மாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கோளேன்.”

“எனக்கா பாஷை தெரியாது? சர்க்குலர்னா சர்க்குலர். பண்ணித்தான் ஆகணும்” என்றார் வெங்கடநாராயணன். இருபது வருஷ வேலையில் ஒரு சுற்றறிக்கையைக்கூட அவர் மீறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் உத்தரவு வந்தது. சாப்பாட்டு மேஜையில் ஃபோன் கூடாது. அது அவரே போட்ட சட்டம்தான். இதுவரை அவருக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஃபோன் அரிசி டப்பாவுக்குள் போயிற்று. திங்கட்கிழமை டிபன் நேரத்தில் ஜோனல் ஆபீஸிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். அரிசிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவசரமா வேணும்மா” என்று கெஞ்சினார்.

“லெட்டர் எழுதிக் குடு. பார்க்கறேன்.”

எழுதிக் கொடுத்தார்.

“என்ன கையெழுத்து இது? கோழி கிண்டினாப்பல இருக்கு. திருப்பி எழுது.”

மூன்றாவது தடவைதான் பாஸ் ஆனது. அன்றைக்கு ஆபீஸில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ‘லேட்’ விழுந்தது.

சாயங்காலம் மனைவியிடம் முறையிட்டார்.

“அதிகாரம் அவகிட்டன்னா இருக்கு? நான் எப்படித் தலையிடறது?” என்ற கல்பனா, கையோடு மகளிடம் தன் பங்குக்கு ஒரு மனுவையும் கொடுத்தாள். மனு உடனே ஏற்கப்பட்டது. செவ்வாய் முதல் காலைக் காபி வெங்கடநாராயணன் தலையில் விழுந்தது.

செவ்வாய் மாலை அவர் மசாலா தோசைப் பொட்டலத்தோடு வீடு திரும்பினார். பூர்ணிமா கடைசித் துண்டு வரை சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்:

“இது லஞ்சம்தானே?”

“சேச்சே! சும்மா, ஆசையா...”

“தப்புப் பண்ணினா டிவி கிடையாதுன்னு நீதானே சொல்வே?”

அன்று கிரிக்கெட் மேட்ச். இருட்டிக் கிடந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்து, எதிர் ஃப்ளாட்டில் கூச்சல் எழும்போதெல்லாம் யார் அவுட்டாகியிருப்பார்கள் என்று யூகித்துக்கொண்டிருந்தார் வெங்கடநாராயணன்.

“அந்த தாஸ் அங்கிள் சீனியர் மேனேஜர் ஆயிட்டாராமே? ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வேலைல சேர்ந்தேள்? அவரால மட்டும் எப்படிப்பா முடியறது?” என்றாள் பூர்ணிமா.

ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் மகளிடம் அவர் கேட்கிற கேள்விதான் அது. இவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியாது.

பேச்சை மாற்றவேண்டி, “எல்லாம் இந்த பெங்காலி படிக்கத் தெரியாததால வந்த வினை” என்று முனகிவைத்தார். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் முதல் தினம் அரைமணி நேரம் வங்காளப் பாடம். டைரியில் மிஸ் எழுதிய அதே வரியைப் பத்துத் தடவை எழுத வேண்டும். நாற்பத்தாறு வயசு மனுஷர் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினார். பத்தும் பத்து விதமாக வந்தன. கீழ்வீட்டு பௌதியின் பிள்ளை ரோஹித் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். வெங்கடநாராயணனுக்குக் காது சிவந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது.

“அப்பா, இன்னிக்குக் கடைசி நாள். அந்த ஃபாரத்தை எடுத்துண்டு வா.”

கிழி என்றால் கிழித்தாக வேண்டும், சுற்றறிக்கை ஆயிற்றே. எடுத்து வந்தார்.

“என்ன உத்தரவு?”

“என்னைக் கேளு.”

“என்னன்னு கேக்கறது?”

“சென்னைக்குப் போகலாமான்னு. அவ்வளவுதான். அப்பறம் நீயே முடிவு பண்ணிக்கோ.”

கேட்டார்.

பூர்ணிமா கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். எழுத வராது. அங்க போனா எல்லார் முன்னாடியும் முதல் எழுத்துலேர்ந்து எழுதச் சொல்லுவா. நீ எழுதினப்போ ரோஹித் சிரிச்சானே, அப்படிச் சிரிப்பா. பயமா இருக்குப்பா.”

இந்த மாற்றலைப் பற்றி வெங்கடநாராயணன் ஆறு மாசமாக ஊரிலுள்ள அத்தனை பேரிடமும் யோசனை கேட்டிருந்தார், ஜோசியர் உட்பட. இவள் ஒருத்திதான் விட்டுப்போயிருந்தாள். அதை நினைக்க வெட்கமாக இருந்தது. விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். அதுக்குள்ள நீ தமிழ் எழுதக் கத்துக்கோ. நான் பெங்காலி கத்துக்கறேன்.”

“சரி. இன்னிக்கு ஹோம்வொர்க் முடிச்சியோ?” என்றாள் பூர்ணிமா. சப்தாகத்தில் இன்னும் ஒரு நாள் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் வங்காளி மிஸ்ஸின் எதிரே தலை நிமிர்ந்து உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த ஹிந்தியில் ஆரம்பித்தார்.

“ஏழு நாளும் என் பொண்ணுதான் ராஜ்யம் பண்ணினா, மிஸ். நான் வெறும் பிரஜை. காபிகூட நான்தான் போட்டேன்.”

“ராஜ்யமா?” மிஸ் திகைத்தார். அவரும் ஹிந்தியிலேயே விளக்கினார். ஒதிகார் என்றால் ஆட்சி செய்யும் அதிகாரம் இல்லை, உரிமை. குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், அது பேச நினைப்பதைப் பேச விடுங்கள் என்ற அர்த்தத்தில்தான் எழுதியிருந்தாராம்.

வெங்கடநாராயணனின் கண்முன்னால் ஐந்து நாள் காபியும், பார்க்காத மேட்சும், சிவப்பு மை ‘லேட்’டும் வரிசையாக வந்து போயின. அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துச் சமாளித்தார்.

“பரவாயில்ல, மிஸ். கிளாஸ்ல மத்த அப்பாக்களும் என்னை மாதிரியே மாட்டிண்டிருப்பாளே!”

மிஸ் பூர்ணிமாவின் கட்டுரை நோட்டைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினார். ‘என் வீடு’ என்பது தலைப்பாம். நான்காவது வரியில் ஒரு வார்த்தை வெங்கடநாராயணனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. மூன்று நாளாக எழுதி எழுதிக் கை வலித்த வார்த்தையாயிற்றே.

“ஒதிகார்!” தானாகவே படித்துவிட்ட பெருமையில் அதன்மேல் விரலை வைத்தார். “என்ன எழுதியிருக்கா, மிஸ்?”

“‘இந்த வீட்டுல உனக்கு ஒரு ஒதிகாரும் கிடையாதுன்னு அப்பா தினமும் சொல்றார்’னு எழுதியிருக்கா. அதனாலதான் அந்தக் குறிப்பை உங்க வீட்டுக்கு மட்டும் அனுப்பினேன்.”