ஆட்சேபனை இல்லாத மெட்டு

எங்கள் திணைக்களத்தில் மகிழ்ச்சியாக இருப்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. முதலில் சுற்றறிக்கை வர வேண்டும். பிறகு குழு அமைக்க வேண்டும். குழு கூடி, எவ்வளவு மகிழலாம் என்று தீர்மானித்துக் கொழும்புக்கு அறிவிக்க வேண்டும். அங்கிருந்து பதில் வந்ததும் மகிழலாம். பெரும்பாலும் பதில் வரும்போது பண்டிகை முடிந்திருக்கும். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

திணைக்களத்தின் பெயர் கிராமிய மகிழ்ச்சி மேம்பாட்டுத் திணைக்களம். அதன் பிராந்தியக் கந்தோர் யாழ்ப்பாணத்து மருதனார்மடச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, ஒரு மாடி வீட்டில் இயங்குகிறது. 'இயங்குகிறது' என்பது பெயர்ப்பலகையில் உள்ள சொல். நான் அங்கே அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்கிறேன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் நல்லது.

கார்த்திகை மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்தச் சுற்றறிக்கை வட்சப்பில் வந்து சேர்ந்தது. விடயம்: பண்டிகைக் காலப் பாடல்களை முறைமைப்படுத்தல். இப்போது ஆளாளுக்குத் தங்களுக்கென்று ஒரு பாடல் தொகுப்பைச் செய்து, 'இது என் நத்தார் பிளேலிஸ்ட்' என்று ஊருக்கெல்லாம் அனுப்புவது பெரிய நாகரிகமாகிவிட்டது. அரசாங்கம் மட்டும் பின்தங்கலாமா? ஆகவே ஒவ்வொரு கந்தோரும் நத்தார் பாடல்களை மிக விருப்பமானவை, மிக விருப்பமற்றவை என்று பிரித்து, அங்கீகரிக்கப்பட்டவற்றை மட்டுமே தனது ஒளிவிழாவில் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்று உத்தரவு.

ஒளிவிழா என்றால் நத்தாரை, அதாவது கிறிஸ்து பிறப்பை, ஒட்டி எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் கந்தோர்களும் நடத்துகிற நிகழ்ச்சி. கிறிஸ்தவர்கள் இருந்தாலும் நடக்கும், இல்லாவிட்டாலும் நடக்கும்.

பணிப்பாளர் சோமசேகரம் உடனே கூட்டம் போட்டார். கோப்பைத் திறக்காமலே அதன் பாரத்தைப் பார்த்து முடிவு சொல்லக்கூடியவர் அவர்.

"எங்கடை கந்தோரிலை வேதக்காரர் ஆர் ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"கணக்குப் பகுதி லெனாட் மட்டும்தான் சேர்," என்றார் நிர்வாக உத்தியோகத்தர் கமலாவதி.

"அப்ப லெனாட்டைக் குழுவிலை போடேலாது."

"ஏன் சேர்?"

"அவருக்கு நத்தார் பாட்டிலை சொந்த நலன் இருக்கு. பக்கச்சார்பு வந்திடும். நத்தாரோடை ஒரு சம்பந்தமும் இல்லாத ஆக்கள்தான் நடுநிலையாய் முடிவெடுப்பினம்."

இந்த நியாயத்தின்படியே குழு அமைந்தது. கமலாவதி மிஸ் தலைவர். களஞ்சியப் பொறுப்பாளர் கேதீஸ்வரன் உறுப்பினர். மார்கழி பிறந்தால் விடியற்காலைத் திருவெம்பாவைக்குச் சங்கு ஊதப் போகிறவர் என்பதால் இசை அறிவுள்ளவர் என்று கொள்ளப்பட்டது. கையெழுத்து வடிவாக இருப்பதால் நான் செயலாளர். குழுவுக்கு 'நத்தார்ப் பாடல் தெரிவு, நிராகரிப்பு மற்றும் மேன்முறையீட்டுக் குழு' என்று பெயர் வைத்தோம். பெயர் வைப்பதிலேயே முதல் நாள் போய்விட்டது.

லெனாட் அண்ணை இளவாலையிலிருந்து வருகிறவர். கந்தோரில் சேர்ந்த காலம் தொட்டு ஒவ்வொரு ஒளிவிழாவிலும் அவர்தான் நத்தார் தாத்தா. சிவப்பு வெல்வெட்டுச் சட்டைக்குள் வேர்த்து ஒழுகி, மருந்துக்கடைப் பஞ்சில் செய்த தாடி வாய்க்குள் போக, "ஹோ ஹோ ஹோ" என்று சத்தமிட்டுப் பிள்ளைகளுக்கு ரொபி இனிப்புக் கொடுப்பார். அந்த மூன்று ஹோக்களுக்கு மேல் அவரை ஒருவரும் வாய் திறக்க விட்டதில்லை. இந்த முறை அவர் தானாகவே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார்.

"தங்கச்சி, ஒரேயொரு பாட்டு. நானே பாடுறன்," என்று என்னிடம் வந்தார். "மனுசியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறனெண்டு சொல்லிப்போட்டன். அப்பா பாடுறதைப் பிள்ளையள் ஒருக்காலும் மேடையிலை கேட்டதில்லை."

பாட்டைக் காட்டினார்.

*கூரை ஒழுகுது, குழந்தை உறங்குது,*
*மழையே மழையே மெல்லப் பெய்,*
*மாடே நீயும் தள்ளிப் படு.*

எனக்கு உடனே பிடித்துப்போனது. ஆனால் செயலாளருக்குப் பிடிப்பதற்கு அதிகாரம் இல்லை. "குழுவிலை வைக்கிறன் அண்ணை," என்றேன்.

குழு கூடியது. முதலில் வந்தது, மணியைக் கிலுக்கிக்கொண்டு பனியில் வண்டி ஓட்டுகிற ஆங்கிலப் பாட்டு. கார்த்திகை தொடங்கினால் யாழ்ப்பாணத்துப் புடைவைக் கடையெல்லாம் இதுதான் பாடும். போன வருடம் கடைக்குள் கணுக்கால் அளவு வெள்ளம் நிற்க, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பனிப் பாட்டைக் கேட்டபடி நான் சேலை வாங்கியிருக்கிறேன். என்னுடைய மிக விருப்பமற்ற பாட்டு அது. ஆனால் குழு அதை நிராகரித்த காரணம் வேறு.

"பனி பெய்யுது எண்டு வருது," என்றார் கமலாவதி மிஸ். "எங்கடை மாவட்டத்திலை பனி பெய்யிறதெண்டால் அது அனர்த்தம். அனர்த்தப் பிரிவு சொல்லாமல் நாங்கள் அறிவிக்கேலாது."

அனர்த்தப் பிரிவுக்கு எழுதினோம். 'அவ்வாறான பனிப்பொழிவு எதுவும் அவதானிக்கப்படவில்லை. வங்கக் கடலில் தாழமுக்கம் மட்டுமே உள்ளது. ஆகவே பனி என்ற சொல்லுக்குப் பதிலாகத் தாழமுக்கம் என்று பாடலாம்' என்று பதில் வந்தது. பாடிப் பார்த்தோம். மெட்டில் நிற்கவில்லை.

கலைமான் பாட்டுக்கு வனவிலங்கு அனுமதி வேண்டும் என்று தள்ளினோம். ஞானிகள் பொன் கொண்டுவருகிற பாட்டு வந்தபோது, "பொன்னுக்குச் சுங்கத் தீர்வை கட்டினவையோ?" என்று கேதீஸ்வரன் கேட்டார். பாட்டில் அந்த விபரம் இல்லை. தள்ளினோம். அமைதியான இரவைப் பற்றிய பாட்டு மட்டும் தப்பிவிடும் என்று நினைத்தேன். இரவில் அமைதி என்று பாடினால் மற்ற நேரங்களில் அமைதி இல்லை என்று பொருள்படும், அது மேலிடத்தைக் குறை சொல்வதாகும் என்று கமலாவதி மிஸ் சொன்னார்.

கடைசியாக லெனாட் அண்ணையின் பாட்டு.

"கூரை ஒழுகுது," என்று வாசித்தேன்.

"எந்த வீட்டுக் கூரை? அரசாங்க வீட்டுத்திட்டமோ?" என்றார் கமலாவதி மிஸ். "உது விமர்சனம்."

"மாடே நீயும் தள்ளிப் படு," என்றேன்.

கேதீஸ்வரன் நிமிர்ந்தார். "சைவச் சனம் இருக்கிற கந்தோரிலை மாட்டைத் தள்ளிப் படுக்கச் சொல்லலாமோ? மாடு எங்கை விருப்பமோ அங்கை படுக்கட்டும்."

இதற்கிடையில் சுகாதாரப் பகுதியிலிருந்தும் ஒரு குறிப்பு வந்திருந்தது. மாட்டுத் தொழுவத்தில் பிரசவம் நடப்பதைப் பாடல்கள் மூலம் ஊக்குவிப்பது தாய்சேய் நலக் கொள்கைக்கு முரணானது. அதோடு நத்தார்ப் பாட்டுகளில் முக்கால்வாசி போய்விட்டது.

லெனாட் அண்ணை மேன்முறையீடு செய்தார். அதே குழுவுக்குத்தான். அன்றைக்கு அவர் முகம் சிவந்திருந்தது. அப்படி நான் அவரை அதற்கு முன் கண்டதில்லை.

"மிஸ், அந்தப் பிள்ளை ஏன் மாட்டுத் தொழுவத்திலை பிறந்தது தெரியுமோ? குடிசன மதிப்பு எண்டு ராசா ஒரு சுற்றறிக்கை விட்டான். எல்லாரும் சொந்த ஊருக்கு நேரிலை வந்து பதியட்டாம். நிறைமாதக் கர்ப்பிணியெண்டும் பாக்கேல்லை. எல்லாத்துக்கும் காரணம் எங்களைப் போலை ஒரு கந்தோர்தான்!"

கமலாவதி மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். வெட்கப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, உதை எழுதும்," என்றார் என்னிடம். "நத்தார் பண்டிகையே ஒரு அரச சுற்றறிக்கையாலைதான் உருவானது. வரவேற்புரையிலை சேக்கலாம்."

மேன்முறையீடு நன்றியுடன் நிராகரிக்கப்பட்டது.

இப்போது எங்களிடம் ஒரு பாட்டும் மிஞ்சவில்லை. பாட்டு இல்லாமல் ஒளிவிழா நடத்த முடியாது. நடத்தாவிட்டால் கொழும்புக்கு விளக்கம் எழுத வேண்டும். மூவரும் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, வாசல் படலைக்கு வெளியே அந்த மெட்டுக் கேட்டது. டிலக்ஷனின் பாண் ஓட்டோ, பேக்கரி ரொட்டியும் பன்னும் விற்கிற வண்டி. பின்னேரமானால் ஒழுங்கை ஒழுங்கையாக அந்தக் கிணுகிணு மெட்டைப் போட்டுக்கொண்டு வருவான். கேட்டதும் யார் என்ன வேலையில் இருந்தாலும் கால் தானாகப் படலைக்குப் போகும். நாங்களும் போனோம். ஆளுக்கொரு மீன் பணிசோடு திரும்பி வந்து உட்கார்ந்தோம்.

மென்றுகொண்டிருந்த கமலாவதி மிஸ் திடீரென்று நிறுத்தினார்.

"உந்த மெட்டிலை ஆருக்காவது ஆட்சேபனை இருக்கோ?"

யோசித்தோம். சொல் இல்லை. பனி இல்லை, மாடு இல்லை, கூரை இல்லை. சைவம், வேதம் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் விருப்பம். ஆனால் நத்தாருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பணிப்பாளர் கேட்டால்?

"பெத்தலகேம் எண்டால் அப்பத்தின் வீடு எண்டு அர்த்தமாம். லெனாட்தான் ஒருக்கால் சொன்னவர்," என்றார் கேதீஸ்வரன். "அப்பம் எண்டால் பாண்தானே."

பாண் ஓட்டோ மெட்டு எங்கள் பிராந்தியத்தின் உத்தியோகபூர்வ நத்தார்க் கீதமாக ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது. அதைப் பதிவு செய்ய அடுத்த நாள் நான் தொலைபேசியோடு ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"என்னத்துக்கு அக்கா?" என்றான் டிலக்ஷன்.

"அரசாங்க அலுவல். ஒளிவிழாவிலை போடப்போறம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப அண்டைக்குக் கூடப் பணிஸ் கொண்டு வரட்டோ?"

விழா நாளும் வந்தது. பிரதம விருந்தினராகக் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். லெனாட் அண்ணையின் மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் வடிவாக உடுத்திக்கொண்டு இருந்தார்கள். பாட்டு நிராகரிக்கப்பட்டதை அவர் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லையாம். சிவப்புச் சட்டையோடு மேடை ஓரத்தில் நின்ற அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஏலாமல் இருந்தது.

மெழுகுதிரி ஏற்றப்பட்டது. வரவேற்புரையில் சுற்றறிக்கைகளின் பெருமை எடுத்துரைக்கப்பட்டது. பிறகு நான் பொத்தானை அழுத்தினேன். மண்டபத்திலும், சனம் கேட்கட்டும் என்று படலையடித் தென்னையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலும் உத்தியோகபூர்வ நத்தார்க் கீதம் கிணுகிணுத்தது.

சபையோர் அனைவரும் எழுந்தனர்.

நின்றபடி மரியாதை செலுத்தப்போகிறார்கள் என்று ஒரு கணம் பூரித்துப்போனேன். பிறகு கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. எல்லோரும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். பிரதம விருந்தினர்தான் முன்னுக்கு. கொழும்பு ஒழுங்கைகளிலும் பாண் ஓட்டோ ஓடுகிறதுதானே. பிரதம விருந்தினர் என்பதால் அவருக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. லெனாட் அண்ணையின் பிள்ளைகள் ஓடினார்கள். பிள்ளைகளைப் பிடிக்க மனைவி ஓடினார். வெளியே டிலக்ஷன் ஓட்டோவின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு தயாராக நின்றான். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். நானும் போனேன்.

மெட்டு நின்றது. எல்லோர் வாயிலும் பணிஸ். அப்போது தென்னை மரத்துக் குழாயிலிருந்து யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது.

"கூரை ஒழுகுது, குழந்தை உறங்குது..."

வெறும் கதிரைகளுக்கு முன்னால் பஞ்சுத் தாடியைக் கழற்றிவிட்டு லெனாட் அண்ணை பாடிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குரல் அவருக்குள் இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது. மூன்று ஹோக்களில் எப்படித் தெரியும்? பிள்ளைகளில் சின்னது குழாயை அண்ணாந்து பார்த்து, "அம்மா, அப்பா மரத்திலை இருந்து பாடுறார்!" என்றது. உண்மையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய் நிறைய மீன் பணிஸ் இருந்ததால் அழ வசதிப்படவில்லை.

மறுநாள் காலையில் குழு அவசரமாகக் கூடியது.

"அங்கீகாரமில்லாத பாட்டொண்டு ஒலிச்சிருக்கு," என்றார் கமலாவதி மிஸ். "லெனாட்டிட்டை விளக்கம் கேக்க வேணும்."

"பாட்டை ஆர் கேட்டது?" என்றேன்.

எல்லோரும் யோசித்தார்கள். பாட்டைக் கேட்டேன் என்று சொன்னால், அந்த நேரத்தில் நீ எங்கே நின்றாய் என்ற கேள்வி வரும். நாங்களோ விழா முழுவதும் மண்டபத்தில் அமர்ந்திருந்ததாகக் கையெழுத்து வைத்திருந்தோம். மண்டபத்தில் பாட்டைக் கேட்டபடி இருந்திருந்தால், அதை ஏன் நிறுத்தவில்லை? ஆகவே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்று தீர்மானமாயிற்று. அறிக்கையில் 'மெட்டு ஒலித்ததும் சபையோர் அனைவரும் எழுந்தனர்' என்று எழுதினேன். அதில் ஒரு சொல் பொய்யில்லை. கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

ஆனால் கோப்புகளுக்கு முத்திரை குத்தும்போது கமலாவதி மிஸ் "மழையே மழையே" என்று முணுமுணுத்ததை நான் கேட்டேன். படலைக்குக் குறுக்கே மாடொன்று படுத்திருந்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்த கேதீஸ்வரன் இறங்கி நின்று, "மாடே நீயும் தள்ளிப் படு," என்று முழு இராகத்தோடு பாடியதையும் கண்டேன். மாடு தள்ளிப் படுத்தது.

தைப்பொங்கலுக்கும் சுற்றறிக்கை வந்தது. அதே விடயம், பண்டிகைதான் வேறு.

"சைவக்காரரைத் தலைவராய்ப் போடேலாது," என்றார் பணிப்பாளர். "சொந்த நலன் இருக்கு. நடுநிலையான ஆள் லெனாட் ஒருத்தர்தான்."

எனக்கு உள்ளுக்குள் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. அடிபட்டவனுக்குத்தான் வலி தெரியும், இந்த முறை பாட்டுகள் பிழைத்தன என்று நினைத்தேன். கேதீஸ்வரனும் அதே நம்பிக்கையில்தான் இருந்தார். நத்தார்ப் பாட்டுக் கொடுத்த உற்சாகத்தில் அவரும் தானாக ஒரு பொங்கல் பாட்டுக் கட்டியிருந்தார். தாயாரையும் அழைத்துவரப் போவதாகச் சொன்னார்.

லெனாட் அண்ணை தலைவர் கதிரையில் அமர்ந்தார். சிறிது அசைந்து பார்த்தார். கதிரை அவருக்கு நன்றாகப் பொருந்தியது. பாட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"பால் பொங்கி வழியுது எண்டு எழுதியிருக்கிறியள். எவ்வளவு வழியுது?"

"லெனாட், பொங்கல் எண்டால் வழியத்தானே வேணும்," என்றார் கேதீஸ்வரன்.

"பால் விக்கிற விலையிலை அரசாங்கக் கந்தோர் வழியவிடலாமோ? அதோடை கிழக்குப் பக்கமாய் வழியுது எண்டு வேறை எழுதியிருக்கு. மற்ற மாகாணத்து ஆக்கள் கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

"மேன்முறையீடு செய்யலாமோ?"

"தாராளமாய். எனக்குத்தான்."

நான் வாயைத் திறந்தேன். செயலாளருக்கு அதிகாரம் இல்லை என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். லெனாட் அண்ணை பாட்டை நிராகரிக்கப்பட்ட தாள்களின் கட்டுக்குள் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஆட்சேபனை இல்லாத மெட்டு ஏதாவது இருக்கோ?"

படலைக்கு வெளியே கிணுகிணுத்தது. எல்லோரும் எழுந்தோம். தலைவர் என்பதால் லெனாட் அண்ணைக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது.