ஹேண்டில் காக்காவின் சாய்மானம்

மருதமுனையில் முதுகெலும்புள்ள எல்லோரும் ஒரே ஒரு மனிதருக்குப் பயந்துதான் மோட்டார் சைக்கிள் ஓடினார்கள். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம்; ஹேண்டில் காக்கா என்று கேட்டால் கைக்குழந்தையும் வீட்டைக் காட்டும். யாராவது கொஞ்சம் குனிந்து ஓடிக்கொண்டு போனால் போதும், நடுறோட்டில் மறித்துவிடுவார்.

"இறங்கு மனே. உன்ட முதுகு றால் மாதிரி வளஞ்சிரிக்கி. ஹேண்டில மாத்து."

"ஆஸ்பத்திரிக்குப் போறன் காக்கா. உம்மாக்கு ஏலாம இரிக்கி."

"மாத்தாட்டி பக்கத்துக் கட்டில் உனக்குத்தான்."

காக்காவுக்குத் தொழில் சாறி வியாபாரம். எங்கள் ஊரில் நெய்யும் சாறிகளைப் பின்சீட்டில் பொதியாகக் கட்டிக்கொண்டு காரைதீவு, திருக்கோவில் பக்கமெல்லாம் வீடு வீடாக விற்பார். அவருக்கு நெய்து கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சுனாமியில் என் தறியும் போனது, அவருடைய பழைய மோட்டார் சைக்கிளும் போனது. எனக்குத் தறி கிடைக்க நெடுநாள் சுணங்கியது. அவருக்குச் சைக்கிள் சீக்கிரமே கிடைத்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

அது கல்முனையில் ரேஸ் ஆசை பிடித்த ஒரு பொடியன் விற்ற சைக்கிள். ஹேண்டில் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைப் பிடித்துக் குனிந்த காக்கா வீடு வந்து சேர்ந்த பிறகும் நிமிரவில்லை. அவருடைய மனைவி வாசலில் நின்று, "எதத் தேடுறீங்க?" என்று கேட்டாராம்.

"தொழுகையில குனியிற றுக்கூ அல்லாஹ்வுக்குச் செய்யிறது. பெற்றோல் டேங்குக்கு இல்ல" என்று சொல்லி, மறுநாளே ஹேண்டிலைக் கழற்றினார்.

முதலில் ஸ்கூட்டர் ஹேண்டில் ஒன்றைப் பூட்டினார். அது திருப்பும்போது வயிற்றில் முட்டியது. பாண்டிருப்பில் திரும்ப வேண்டியவர் திரும்ப முடியாமல் கல்முனை பஸ் டிப்போ வரைக்கும் நேரே போனார். அடுத்தது எருமைக் கொம்பு போல அகன்றது. அது வீட்டுப் படலைக்குள் நுழையாததால் சைக்கிள் பல நாள் ஒழுங்கையில் படுத்தது. கடைசியில் தண்ணீர்க் குழாயை வளைத்து, ஒட்டி, தோளுக்கு மேலே நிற்கும்படி ஒரு ஹேண்டில் செய்வித்தார். பின்னால் இருந்த சாறிப் பொதியில் சாய்ந்து அதைப் பிடித்துப் பார்த்தவரின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"இது சைக்கிள் இல்ல மனே. சாய்மனக் கதிர. கதிரைக்கு ரெண்டு சில்லு."

செக்பொயின்ற்றில் ஆமிக்காரன் பொதியைப் பிரிக்கச் சொன்னால் காக்கா மறுக்க மாட்டார். ஆனால் திரும்பக் கட்டும்போது பழைய உயரம் வரும்வரை ஒரு பக்கத்தை ஆமிக்காரனே அமத்திப் பிடிக்க வேண்டும். ஒருநாள் ஒருவன் தானே ஏறி, சாய்ந்து பார்த்துவிட்டு, "ஹொந்தய், ஹொந்தய்" என்று சிங்களத்தில் மெச்சித் தலையாட்டினானாம். அதற்குப் பிறகு காக்கா, அரசாங்கமே ஒப்புக்கொண்ட ஹேண்டில் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரே ஒரு பிழைதான். ஹேண்டிலை அவர் அளந்தது, பொதி நிறைந்திருந்த ஒரு காலையில். விற்க விற்கப் பொதி குறைந்தது. பொதி குறையக் குறையச் சாய்மானம் போய், ஹேண்டிலைப் பிடித்து வௌவால் போலத் தொங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. காக்கா யோசித்தார். ஹேண்டிலை மாற்றவில்லை. விற்பதைக் குறைத்துவிட்டார்.

இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் சாறிகள் போன மாதிரியே திரும்பி வருவதுதான். சாறி விற்றால்தான் நூல். நூல் இல்லாமல் தறி சும்மா நின்றது. நோன்புப் பெருநாளும் நெருங்கியது. என் நெசவு யாருக்கும் பிடிக்கவில்லை என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன்.

"போய்க் கேளுங்களன்" என்றாள் மனைவி.

"நாளைக்குக் கேக்கன்."

"பள்ளியில கொத்துவா மேடையிலயா ஏறச் சொன்ன? பக்கத்து வளவுக்குத்தானே போகச் சொல்றன்!"

நான் போகவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் சலாம் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒருநாள் காரைதீவிலிருந்து ஒரு அக்கா பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஊதாவில மஞ்சள் கரை போட்ட சாறி நீங்களா தம்பி நெய்யிற?"

"ஓம்."

"என்ட தங்கச்சி தன்ட கலியாணத்துக்கு அதுதான் வேணுமெண்டு நிக்கிறாள். உங்கட காக்காட்ட எத்தின தரம் கேட்டுட்டன். அத உருவினா நான் ஊருக்குப் போய்ச் சேர மாட்டன் தங்கச்சி எண்டுறார். இதென்ன யாவாரம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவைக் காக்காவின் வளவுக்குக் கூட்டிப் போனேன். காக்கா முற்றத்தில் ஸ்டாண்டில் நின்ற சைக்கிளில் ஏறி, பொதியில் சாய்ந்தபடி பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். பொதியின் அடிப்பக்கத்தில் என்னுடைய ஊதாச் சாறி. அதற்குக் கீழேயும் என்னுடையவைதான். அப்போதுதான் விளங்கியது. என் வாய் எப்படித் திறந்ததோ தெரியாது.

"காக்கா, என்ட சாறிய ஏன் விக்கிறல்ல?"

காக்கா ஆச்சரியத்தோடு பார்த்தார். நான் கதைத்ததற்குத்தான் ஆச்சரியப்பட்டார்.

"உன்ட நெசவு இறுக்கம் மனே. மத்தவனுகள்ற சாறி மத்தியானத்துக்குள்ள நசிஞ்சிரும். உன்ட சாறி அசையாது. ஊரிலயே நல்ல சாறி உன்ட சாறிதான். அத எப்பிடி விக்கிற?"

அப்படி ஒரு பாராட்டை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்படி ஒரு நட்டத்தையும்தான்.

"நல்ல சாறியெண்டா உடுக்கிறதுக்கு, சாயிறதுக்கில்ல!" என்று அக்கா குனிந்து ஊதாச் சாறியை ஒரே இழுவையாக உருவினார். பொதி சரிந்தது. பிளேன்ரீ ஒரு பக்கம் பறந்தது. காக்காவின் கால்கள் இரண்டும் ஹேண்டிலுக்கு மேலே போயின. பின்னால் நின்ற நான் பாய்ந்து அவரை நெஞ்சோடு தாங்கிப் பிடித்தேன்.

காக்கா எழும்பவில்லை. கொஞ்சம் அசைந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்தார்.

"மனே, அப்பிடியே நில்லு. பொதிய விட இது நல்லாரிக்கி."

"காக்கா, எனக்குத் தறி வேல இரிக்கி."

"கிழமைக்கு ரெண்டு நாள் வந்தாப் போதும். நீ கதைக்கவும் மாட்டாய், நெளியவும் மாட்டாய். உன்ன மாதிரிச் சாய்மானம் இந்தக் கரையிலயே இல்ல."

ஹேண்டில் உயரமாக இருந்ததால் பொதியை டேங்கின் மேல் வைக்க இடம் இருந்தது. நான் பின்சீட்டில் ஏறினேன். ஊதாச் சாறி காரைதீவுக் கலியாணத்துக்குப் போனது. அடிச்சாறிகள் எல்லாம் அடுத்தடுத்த பயணங்களில் விற்றுப்போயின. பெருநாளைக்கு முன்பே நூல் வந்து, என் தறி மறுபடியும் சத்தம் போட்டது.

யுத்தம் முடிந்த பிறகு தூரத்து ஊர்களுக்கும் பயமில்லாமல் போய் வந்தோம். வாசலில் பெண்கள் என் சாறியை விரித்துப் பார்க்கும்போது காக்கா என் பக்கம் கையைக் காட்டி, "இவர்தான் நெய்யிற" என்பார். நான் நிலத்தைப் பார்ப்பேன்.

முழுதும் விற்றுத் தீர்ந்த நாட்களில், திரும்பி வரும்போது அவர் வழக்கத்தை விட நன்றாகவே சாய்வார். நல்ல கனமான மனிதர். வீடு வந்து இறங்கும்போது முதுகு வலிப்பது எனக்குத்தான். ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. கூச்சத்தால்தான் சொல்லவில்லை என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.